பதினைந்து கிலோமீட்டர் அதிகம்

எங்கள் பள்ளியில் வேன் ஓட்டுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. உண்டுதான், சம்பளப் பட்டியலில் இருக்கும். ஆனால் யார் வாயிலும் வராது. "மூணு இன்னும் வரலையா?", "அஞ்சுக்கு இன்னைக்கு லீவு" என்று வண்டி எண்தான் ஆளுக்கும். நான் அங்கே போக்குவரத்துப் பிரிவின் எழுத்தர். பதினொரு வருடம் நான் 'எட்டு' என்று கூப்பிட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவரைத் திருடன் என்று எழுதி வாங்கியவள் நான். அதனால் சொல்ல வேண்டியவளும் நானே.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒல்லியான ஆள், குரல் அதைவிட ஒல்லி. அத்தனை வருடத்தில் எட்டாம் நம்பர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. "எட்டு வண்டி ஓட்டலப்பா, தாலாட்டுறாரு" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்க அந்த வண்டியில் போகும் பெண்ணை எல்லாரும் வேன் அக்கா என்போம். எட்டு ஓட்டும்போது மூடியில்லாத பாட்டிலில் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது என்று அந்த அக்கா பெருமையடிப்பார்.

அந்தக் கவனம்தான் ஒரு நாள் அவர் கழுத்தையே பிடித்தது. மழை விட்ட ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தார். மார்க்கெட் திருப்பத்தில் பின்சக்கரம் 'தடக்' என்றது. கண்ணாடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. அரை கிலோமீட்டர் போனபின், 'அது குழியா, ஆளா?' என்று ஒரு கேள்வி வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தார். தண்ணீர் நிரம்பிய ஒரு குழி. போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாளும் அதே குழி, அதே 'தடக்'. குழி என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்டது: 'நேத்து குழி. இன்னைக்கு?'

அதற்குப் பதில் சொல்ல அவரால் முடியவில்லை. திரும்பினார். அடுத்த வாரம் பாலம், அதற்கடுத்த வாரம் வேகத்தடை. ஒன்றைப் பார்க்கத் திரும்பும் வழியில் இன்னொன்று தட்டும். அதற்கும் ஒரு தடவை திரும்ப வேண்டும். சக்கரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்ப்பார். பேப்பரில் விபத்துச் செய்திகளை ஒரு வரி விடாமல் படிப்பார். இதெல்லாம் நான் பின்னாளில் அவர் சொல்லியும் அவர் மனைவி சொல்லியும் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எட்டாம் நம்பரின் பாதை நாளுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், மீட்டரில் நாற்பத்தொன்று ஓடியிருந்தது.

பதினைந்து கிலோமீட்டர் அதிகம். சிவப்பு மையால் வட்டம் போட்டு, அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"ஒரு நாள் இல்ல, மூணு வாரமா இப்படி ஓடியிருக்கு. எங்க போறீங்க?"

அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரோட்டுல வேலை நடந்து சுத்திப் போறீங்களா?"

"இல்ல மேடம்."

"வண்டியில ஏதாவது கோளாறா?"

"இல்ல மேடம்."

"அப்ப மீட்டர் தானா ஓடுதா? கால் முளைச்சிருக்கா அதுக்கு?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் பேச்சு எனக்கே பிடித்துப்போனது. அந்தச் சூட்டோடு கேட்டேன்: "வெளி ஆளுங்கள ஏத்தி வாடகைக்கு ஓட்டுறீங்களா?"

அவர் நிமிர்ந்தார். நெடுநேரம் நின்றவனுக்கு உட்கார இடம் காட்டினால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"ஆமா மேடம்" என்றார்.

குட்டு உடைந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். பல மாதங்கள் கழித்து அவர் சொன்னது வேறு. "திருடன்னா ஊர்ல நாலு பேர் இருக்காங்க மேடம். எனக்கு வந்ததுக்கு என்ன பேருன்னு எனக்கே தெரியாது. யாரோட போய்ச் சேர்றது?"

கடிதத்தை நான் வாயால் சொல்ல, அவர் எழுதினார். 'பள்ளி வண்டியை என் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தினேன்' என்ற வரியை அழகான கையெழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிட்டு, "கடைசியில 'மன்னிக்கவும்'னு போட்டுக்கலாமா மேடம்?" என்று கேட்டார். பதினொரு வருட சர்வீஸை உத்தேசித்து எச்சரிக்கையோடு விட்டோம். ஆனால் இனிமேல் தினமும் இரண்டு வேளை மீட்டரை நானே பார்ப்பேன் என்றேன்.

என் மீட்டர் கணக்கு செய்த கெடுதல் அதற்குப் பிறகுதான். வண்டியைத் திருப்ப வழியில்லாமல் போனதும் அவர் காலால் நடக்க ஆரம்பித்தார்.

ஒரு மாலை. வேன் அக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை. வண்டியில் பதினோரு பிள்ளைகள். பாலம் தாண்டியதும் 'தடக்'. ஓரமாக நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரெண்டே நிமிஷம், யாரும் இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பாலத்தில் யாரும் இல்லை. வண்டிக்குப் பாதி தூரம் வந்தபின், கைப்பிடிச் சுவருக்குக் கீழே பார்த்தோமா என்று தோன்றியது. மறுபடி போனார். பிறகு புதருக்குள் பார்த்தோமா என்று. அப்படியே முப்பத்தைந்து நிமிடம்.

ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று, கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவள், முட்டிக்கொண்டு வந்த மூத்திரத்தை அடக்கி அடக்கிப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. பெரிய பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அவர் வந்து கதவைத் திறந்தபோது அவள் நனைந்த பாவாடையோடு விசும்பிக்கொண்டிருந்தாள். துடைத்துவிடலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவள் அவரைக் கண்டு ஜன்னலோரம் ஒடுங்கினாள்.

"நான் யாரையோ இடிச்சிட்டேன்னுதான் மேடம் ஓடினேன். இடிச்சது அந்தப் பிள்ளையை" என்று பின்னாளில் அவர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை அவளுடைய அப்பா வந்தார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. "பிள்ளைங்கள நடுரோட்டுல விட்டுட்டு எங்கய்யா போனே? குடிச்சியா?" எட்டு வாயைத் திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இவர் திருடக்கூட இல்லை. சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சாவி சூடாக இருந்தது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார். "முதல்ல வாடகை, இப்ப குடி. நெருப்பில்லாம புகையுமா?" என்று ஆபீசில் பேசிக்கொண்டோம். 'பேசிக்கொண்டார்கள்' என்று எழுத ஆசைதான். ஆனால் நானும் பேசினேன்.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் நோட்டுப் புத்தகம் தைக்கிறவர். கணவர் திருடினார் என்ற செய்தி அச்சகம்வரை வந்திருந்தது. வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டார்: "வாடகைக்கு ஓட்டுனீங்களா?"

"ஆமா."

"யாரை ஏத்துனீங்க? எங்க போனீங்க?"

"விடு."

இருபது வருடம் கூட வாழ்ந்தவருக்குப் பொய் தெரியாதா? ஆனால் பொய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வேலையை விட்டால் நின்றுவிடும் என்று எட்டு நினைத்தது நிற்கவில்லை. வண்டி இல்லாமலே மனசு பழைய பாதைகளில் ஓட ஆரம்பித்தது. எந்த வருடமோ கடந்த ஒரு வேகத்தடை, எந்த மழையிலோ கேட்ட ஒரு சத்தம். "நான் யாரையாவது இடிச்சிருப்பேனா?" என்று மனைவியைக் கேட்பார். "இல்லங்க, இடிக்கல" என்பார் அவர். பத்து நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி எண்ணிப் பார்த்தார்: அறுபத்துமூன்று தடவை.

தெருமுனை டாக்டரிடம் போனார்கள். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னார். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாகத் தூங்கினார். கண் விழித்த நிமிடமே கேள்வியும் விழித்துக்கொண்டது.

கடைசியில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது போலீஸ். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, போக்குவரத்துக் காவல் நிலையத்தின் ஏட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தினமும் ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, பாலத்துகிட்ட யாராவது அடிபட்டாங்களான்னு கேக்குறது யாரு?"

எட்டு உள்ளேயிருந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு வந்தார். "நான்தான் சார். கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"இடிச்சதுக்கு."

"யாரை இடிச்சே?"

"தெரியல சார்."

"எப்ப?"

"அதுவும் தெரியல."

"எங்கய்யா?"

"பாலத்துகிட்ட... மார்க்கெட் திருப்பத்துல... எல்லா இடத்துலயும் சார்."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல, செத்தவன் இல்லாம கொலைகாரன் மட்டும் ஆஜராகிறதை இப்பதான்யா பாக்குறேன்."

மனைவி சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. பதினைந்து கிலோமீட்டர் எங்கே போனது என்று அந்த நிமிடம்தான் அவருக்குப் புரிந்தது. ஏட்டு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எங்க அண்ணிக்கு இது மாதிரிதான், ஆனா கை கழுவுறது. தோல் உரியிற வரைக்கும் கழுவுவாங்க. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டினோம்."

"பைத்தியம்கிறீங்களா இவரை?"

"பைத்தியக்காரன் எதுக்கும்மா போலீசுக்கு ஃபோன் போட்டு ஒப்புக்கப் போறான்? பயந்தவன்தான் போடுவான். போய்க் காட்டுங்க. எங்க ஆளுங்களும் கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்க."

பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் கண் பிரிவும் எதிரெதிரே. டோக்கனை வாங்கிக்கொண்டு அவர் போய் உட்கார்ந்தது கண் பிரிவு பெஞ்சில். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஒரு நர்ஸ் வந்து, "அண்ணாந்து பாருங்க" என்று இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். 'நான் இந்தக் கூட்டம் இல்லம்மா' என்று சொல்ல வேண்டியதுதானே? 'அப்ப எந்தக் கூட்டம்?' என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு அண்ணாந்தார்.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. மனைவி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் படலம்தான். அதுவே நல்லதாகப் போயிற்று. முகம் தெரியாத ஆளிடம் வெட்கம் கொஞ்சம் குறைந்தது. மார்க்கெட் திருப்பத்துக் குழியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் திருடன் என்று ஒப்புக்கொண்டதுவரை.

"இதுக்குப் பேர் இருக்கு" என்றார் டாக்டர். "எண்ணச் சுழற்சி நோய்."

"பேர் இருக்கா சார்?" அவருக்குக் கண்ணீர் வந்தது. சொட்டு மருந்து என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாராம்.

"சந்தேகம் எல்லாருக்கும் வரும், வந்த வழியே போயிடும். உங்களுக்கு வந்தது வெளியே போக வழி தெரியாம உள்ளயே சுத்துது. மாத்திரை தர்றேன். அந்தச் சுத்தலோட வேகத்தை அது குறைக்கும். ஆனா பலன் தெரிய ரெண்டு மாசம்கூட ஆகலாம். இன்னொண்ணு, திரும்பிப் பார்க்காம போறதுக்கு மாத்திரை பழக்கிவிடாது. அதுக்குப் பக்கத்து ரூம்ல சைக்காலஜிஸ்ட் இருக்காங்க. அவங்களையும் பார்த்தாதான் முழுசா சரிவரும்."

"மாத்திரை மட்டும் போதும் சார்."

மாத்திரை என்றால் விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். பேச்சு என்றால் வாயைத் திறக்க வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தார். இரண்டு மாதத்தில் அறுபத்துமூன்று இருபத்தைந்தாகக் குறைந்தது. அவர் சாப்பாட்டு ருசியைப் பற்றிப் பேசியதை மனைவி அதிசயமாகச் சொன்னார்.

பிறகு ஒரு நாள் மருந்துக்கடை வரிசையில் அவருக்குப் பின்னால் எங்கள் மூன்றாம் நம்பர் டிரைவர் வந்து நின்றார். "என்ன எட்டு, உடம்புக்கு என்ன?" எட்டு சீட்டை மடித்து மடித்து நகத்தளவு ஆக்கி, "சும்மா, இருமல்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். அப்புறம் அந்தக் கடைக்கே போகவில்லை. எந்தக் கடைக்குமே போகவில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றியது. மூன்றாம் வாரம் கேள்வி பழைய எண்ணிக்கைக்கே வந்துவிட்டது. மனைவி டப்பாவைத் திறந்து அது காலியாக இருப்பதைப் பார்த்து, இழுத்துக்கொண்டு போகாத குறையாக மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டு, அவரே எழுந்து வந்து பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

சைக்காலஜிஸ்ட் சின்ன வயசுப் பெண். முதலில் அவர் பேசியது மனைவியிடம். "இனிமே அவர் கேட்டா பதில் சொல்லாதீங்க."

"கேக்குற மனுஷனுக்குப் பதில் சொல்லாம எப்படிம்மா இருக்கிறது?"

"உங்க பதில் பத்து நிமிஷம்தானே தாங்குது? பதினோராவது நிமிஷம் இன்னும் பெரிசாதானே கேக்குறார்? அந்தக் கேள்விக்குச் சோறு போட்டு வளர்க்கிறது நம்மதான்க்கா."

அதனால் 'இல்லங்க' என்ற பதில் நின்றது. 'இருக்கலாம், எனக்குத் தெரியாது' என்பதுதான் இனிமேல் பதில். முதல் நாள் அதைக் கேட்டதும் அவர் நிலைகொள்ளவில்லை. "ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?" என்று கத்தி, கையில் கிடைத்த பாத்திர மூடியைச் சுவரில் எறிந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. மனைவி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, நெளிந்த மூடியைக் கையாலேயே நிமிர்த்திக்கொண்டிருந்தார். மூடி நிமிரவில்லை, ஆனால் மனைவி பதிலை மாற்றவும் இல்லை.

பயங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக எழுதச் சொன்னார் சைக்காலஜிஸ்ட். கூட்டமான நடைபாதையில் திரும்பிப் பார்க்காமல் நடப்பது முதலாவது. பேப்பர் படிக்காமல் ஒரு நாள் இருப்பது அடுத்தது. அப்படி ஏறி ஏறி, மூன்றாவது மாதம் மைத்துனரின் காரில் உட்கார்ந்தார். பக்கத்தில் சைக்காலஜிஸ்ட், பின்னால் மைத்துனர். பாலத்தைத் தாண்டியதும் வேகத்தடையில் 'தடக்'.

"இப்ப பயம் நூத்துக்கு எவ்வளவு?"

"நூத்தி இருபது மேடம்."

"மாமா, மீட்டரையே தாண்டிட்டீங்க" என்றார் மைத்துனர்.

யாரும் திரும்பச் சொல்லவில்லை. யாரும் 'ஒன்றுமில்லை' என்றும் சொல்லவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. ஸ்டியரிங் வழுக்கியது. ஓட்டிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது, "அம்பது இருக்கும்" என்றார். பயம் தானாக இறங்கும் என்று அவர் உடம்பு அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. மாத்திரை இல்லாமல் அந்தக் காரில் ஏறியிருக்கவே முடியாது என்பார். ஏறாமல் வெறும் மாத்திரையோடு இருந்திருந்தால் இன்னும் வீட்டிலேயே கிடந்திருப்பேன் என்றும் சொல்வார்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த அறையில் மருந்து கிடைக்கவில்லை. வேனில் நனைந்த குழந்தையைப் பற்றிச் சொன்னபோது சைக்காலஜிஸ்ட் நோட்டை மூடி வைத்தார். "நீங்க இடிக்காத ஆளுங்களுக்காகத் தவிக்கிறது நோய். இது நோய் இல்லண்ணா. இது நடந்தது. போய் மன்னிப்புக் கேக்கலாம். கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்தக் குழந்தையின் அப்பாவுடைய நம்பரைக் கேட்டுக்கொண்டுதான் அவர் மனைவி என் ஆபீசுக்கு வந்தார். எதற்கு என்று அதிகாரமாகக் கேட்டேன். அவர் ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"அவர் திருடல மேடம். குடிக்கவும் இல்ல. திரும்பிப் போய்ப் போய்ப் பார்த்தாரு, அவ்வளவுதான்."

நின்றுகொண்டே முழுவதையும் சொன்னார். நாற்காலி காட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. 'எங்க போறீங்க' என்று கேட்ட நான், பதிலையும் நானே கொடுத்துவிட்டேனே. நம்பரைக் கொடுத்தேன். கடிதத்தைப் பற்றி பிரின்சிபலிடம் பேசுகிறேன் என்றேன். பேச இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பேசினால் என் தப்பு வெளியே வரும். ஒரு வழியாகப் போய்ச் சொன்னபோது பிரின்சிபல், கோப்பில் உள்ளதைக் கிழிக்க முடியாது, குறிப்பு வேண்டுமானால் சேருங்கள் என்றார். 'மேற்கண்ட கடிதத்தில் உள்ளது உண்மையல்ல. வாசகத்தைச் சொல்லி எழுத வைத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

குழந்தையின் அப்பா செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எட்டு அங்கே போய், வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "என் பொண்ணு ஆறு மாசம் எந்த வண்டியிலயும் ஏறல. நீங்க சொல்றது புரியுது. மன்னிச்சிட்டேன்னு சொல்ல இப்ப வாய் வரலங்க" என்றார்.

"அதுவும் சரிதானே மேடம்" என்றார் எட்டு என்னிடம்.

பிள்ளைகள் வண்டி இனி வேண்டாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். இப்போது ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் சின்ன லாரி ஓட்டுகிறார். அங்கே நான்தான் சிபாரிசு செய்தேன். அதைச் சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. எப்போதாவது ஒரு தடவை திரும்பிவிடுகிறார். ஒரு தடவைதான்.

போன மாதம் கேன் இறக்கப் பள்ளிக்கே வந்தார். என் மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார். பேச்சை மாற்ற, புது இடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு தருகிறார்களா என்று கேட்டேன்.

"தர்றாங்க மேடம். மூட்டு வலின்னு சொல்லி வச்சிருக்கேன். உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரல." தலையைக் குனிந்துகொண்டார். "முதலாளி நல்ல மனுஷன். பாவம், மூட்டுக்குத் தடவிக்கன்னு எண்ணெய் பாட்டில் வாங்கிக் கொடுத்துட்டாரு."

"என்ன பண்ணுனீங்க?"

"வேற என்ன பண்றது? தினமும் தடவுறேன்."